ஒன்பதாம் பதிப்பில் இல்லாதது

இறையியல் மரபு என்றா சொன்னீர்கள் தம்பி? இதோ, என் காதைப் பாருங்கள். கிட்ட வந்தே பாருங்கள், கூச்சப்பட வேண்டாம், உங்கள் அம்மா வயசு எனக்கு. கம்மல் போட்ட துளை தெரிகிறதா? தெரியாது. தூர்ந்து முப்பது வருஷமாகிறது. என் மாமனார் சகோதரர் தவசிமுத்து தமிழ்த் திருச்சபைக்கு விட்டுப்போன இறையியல் மரபு இதுதான். இன்னொரு காதிலும் ஒன்று இருக்கிறது. ஆய்வேட்டில் படம் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், தலைவாரிக்கொண்டு வருகிறேன்.

காபி குடிப்பீர்கள் அல்லவா? சில ஊழியக்காரர்கள் காபியையும் விட்டுவிட்டார்கள். அதற்கும் யாரோ ஒரு புத்தகம் எழுதியிருப்பார்கள். நல்லவேளை, அதை என் மாமனார் எழுதவில்லை.

நீங்கள் போனில் கேட்ட கேள்வி எனக்கு மறக்கவில்லை. மாமாவின் ‘கழற்றி வை’ புத்தகம் எட்டாம் பதிப்பு வரை எழுபத்திரண்டு பக்கம். ஒன்பதாம் பதிப்பிலிருந்து அறுபத்து நான்கு பக்கம். ‘என் அக்காள்’ என்று ஓர் அதிகாரம் பொருளடக்கத்தில் இருந்தது, அப்புறம் காணோம். மனம் மாறி ஐயாவே எடுத்தாரா என்று கேட்டீர்கள். இறையியல் கல்லூரி நூலகத்தில் கரையான் மிச்சம் வைத்ததைப் பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள், பாராட்டுகிறேன். அந்தக் கேள்விக்கு நான் சொல்லப்போகும் பதிலில் உங்கள் பட்டம் மட்டுமில்லை, என் மகன் ரூபனின் கல்யாணமும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் அவசரப்படுத்தாதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். கான்வென்ட்டில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். நடுவில் வாயைத் திறந்தால் சிஸ்டர் எழுப்பி நிறுத்திவிடுவார்.

மாமா முப்பது புத்தகம் எழுதினார். இருபத்தொன்பதை யாரும் வாசிக்கவில்லை. அவற்றில் அன்பு, பொறுமை, அயலானுக்கு உதவி என்று ஏதேதோ இருக்கும். ஜனங்களுக்கு அன்பு எங்கே கண்ணுக்குத் தெரிகிறது? கழுத்துதான் தெரிகிறது. ‘கழற்றி வை’ வந்தது, பிடித்துக்கொண்டார்கள். கன்வென்ஷன் பந்தலில் மாமா பேசி முடித்தால் பெண்கள் வரிசையாக வந்து வளையல், சங்கிலி என்று காணிக்கைப் பையில் கழற்றிப் போடுவார்கள். பின்னால் நின்று புருஷன்மார் அழுவார்கள். ஆவியானவர் அசைவாடுகிறார் என்று மாமா நினைத்துக்கொள்வார். எனக்கென்னவோ அந்த அழுகை வேறு மாதிரி கேட்கும்.

வீட்டிலும் விடவில்லை. என் அத்தையின் பெயர், அதாவது மாமியாரின் பெயர், பொன்னுத்தாய். பெயரில் பொன் இருக்கிறதே, ஊழியக்காரன் மனைவிக்கு ஆகுமா? கிருபைத்தாய் என்று மாற்றினார். அத்தை கடைசிவரை கையெழுத்துப் போடும்போது முதலில் ‘பொ’ என்று ஆரம்பித்து, அடித்துவிட்டுத்தான் ‘கி’ போடுவார்கள்.

பத்து வருஷத்தில் எங்கள் பக்கத்து சபைகளில் ஒரு புது ஜாதி உண்டாகிவிட்டது தம்பி. கழற்றினவர்கள், கழற்றாதவர்கள். சம்பந்தம் பேச வந்தால் பெண்ணின் படிப்பு கேட்பதற்கு முன்னால், “அவங்க கழட்டினவங்களா?” என்றுதான் கேட்பார்கள். கழற்றினவர்கள் கழற்றினவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். கழற்றாத வீட்டிலிருந்து பெண் எடுத்தால் அவள் கழற்றிவிட்டு வர வேண்டும். எழுதிப் போடுங்கள் ஆய்வேட்டில், இதற்கு ஏதாவது கிரேக்கப் பெயர் இருக்கும்.

அப்படி வந்தவள்தான் நான். எங்கள் அப்பா தூத்துக்குடியில் உப்பளக் கம்பெனி மேலாளர். நாங்கள் கழற்றாத வீடு. கான்வென்ட்டில் கம்மலைத் தவிர ஒன்றும் போடக்கூடாது என்றார்கள். கல்யாணமாகி இங்கே வந்தால் கம்மலும் கூடாது என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எனக்கு எட்டு வருஷம் கிடைத்தது. அந்த எட்டு வருஷம்தான் நான் மனுஷியாக நடமாடியது.

பெண் பார்க்க வந்த அன்று மாமா எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, “எங்களுக்கு ஒரு குந்துமணி தங்கம் வேண்டாம்” என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு குடும்பமா என்று. மாமா பரலோகத்து மணவாட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அந்த ஒரு மணி நேரமும் அத்தை அடுக்களையில் அம்மாவோடு இருந்தார்கள். நான் வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

“நகைதானம்மா வேண்டாம்னு சொன்னோம்? பிள்ளைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்னா சொன்னோம்?” என்றார்கள் அத்தை.

அம்மா புரியாமல் விழித்தார்கள்.

“பாளையங்கோட்டையில ஒரு மனை பார்த்து வச்சிருக்கோம். நகைக்குப் பதிலா அதை உங்க மக பேர்ல வாங்கிக் கொடுத்துட்டா, உங்க மகதான வீடு கட்டி இருக்கப்போறா? எங்க வீட்டு ஐயாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். அவுங்க உலகம் வேற.”

நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, இதுதான் அந்த மனை. மாமா பின்னாளில் எழுதிய பதினாலு புத்தகமும் இந்த மனையில் எழுதியதுதான். கர்த்தர் கொடுத்தார் என்று கன்வென்ஷனில் சாட்சி சொல்வார். கர்த்தர் உப்பளக் கம்பெனியில் வேலை பார்த்தது எனக்கும் அத்தைக்கும் மட்டும் தெரியும்.

இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. உலகத்தில் நடப்பதுதானே.

அப்புறம் மாமாவுக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. அச்சகத்திலிருந்து புரூப் வரும். வாசித்துப் பிழை திருத்த ஆள் வேண்டும். இவர்களுக்கு, என் வீட்டுக்காரருக்கு, மின்வாரியத்தில் வேலை. தமிழில் மூன்று ‘ன’ இருக்கிறது என்பதே அவர்களுக்கு ஒரு செய்தி. எனக்குப் பேச்சுப் போட்டியில், வாசிப்புப் போட்டியில் எல்லாம் பரிசு. “ஜாய்ஸ் வாசிச்சா எழுதினது எனக்கே புதுசா இருக்கு” என்பார் மாமா. அப்படிச் சொல்லிச் சொல்லியே சம்பளமில்லாமல் பன்னிரண்டு வருஷம் வேலை வாங்கினார்.

இப்போது உங்கள் ஒன்பதாம் பதிப்பு. அச்சகத்துக்காரர் வந்தார். “அம்மா, பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். எழுபத்திரண்டுன்னா நாலரை ஃபாரம் வருது. அந்த அரை ஃபாரத்துக்குத் தனியா மெஷின் ஓட்டணும், காகிதமும் சேதாரம். எட்டுப் பக்கம் குறைச்சா நாலு ஃபாரத்துல கச்சிதமா முடியும்” என்றார். எந்த எட்டுப் பக்கம்? நான் புரட்டிப் பார்த்தேன். ‘என் அக்காள்’ அதிகாரம் சரியாக எட்டுப் பக்கம். எடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான் தம்பி. காகிதச் சேதாரம்.

ஏன் அந்த அதிகாரம், வேறு எதையாவது எடுத்திருக்கலாமே என்று முகத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அது சொந்தக் கதை. உபதேசப் புத்தகத்தில் சொந்தக் கதை எதற்கு? அவருடைய அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களாம், எட்டுப் பவுன் கேட்டார்களாம், இல்லை என்றதும் போய்விட்டார்களாம். இப்படி நாலு தடவையாம். அக்கா கடைசிவரை கல்யாணமில்லாமல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே செத்துப்போனாராம். ஊரில் நடக்காததா?

அதோடு, அதில் ஒரு பக்கம் நகைக்குப் பதிலாக வேறு எதையாவது கேட்பதைப் பற்றி வரும். இந்த வீட்டில், இந்த நாற்காலியில், அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு அதை நான் சத்தமாக வாசித்து, புள்ளி சரியா கமா சரியா என்று பார்க்க வேண்டும். அடுக்களையில் அத்தை கேட்டுக்கொண்டிருப்பார்கள். அத்தைக்குப் பாவம், ரத்த அழுத்தம். அவர்களுடைய உடம்பை நினைத்துத்தான்.

சரி, ரூபன் கதைக்கு வருகிறேன்.

என் மகன் மதுரையில் ஒரு வங்கியில் இருக்கிறான். தாத்தாவைப் போல நெட்டை, அப்பாவைப் போல ஊமை. போன வருஷம் அவனே ஒரு பெண்ணைச் சொன்னான். பெனிட்டா. நாசரேத்துக்காரி, பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா தேவகடாட்சம், அவரும் ஓய்வுபெற்ற வாத்தியார். கழற்றின குடும்பம். அதுவும் எப்படி? ‘கழற்றி வை’ வாசித்துக் கழற்றின குடும்பம்! நாங்கள் போய் இறங்கியபோது அந்த வாத்தியார் வாசலில் நின்று, “ஐயா வீட்டு ஆட்கள் என் படியில கால் வைக்கீங்களே” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். ஜெபம் பண்ணினார். கேசரி ஆறி, காபி ஆறி, என் வீட்டுக்காரர் தூங்கி விழித்து, அதற்கப்புறம்தான் ஆமென் வந்தது.

நான் ரொம்ப நாசூக்காகத்தான் ஆரம்பித்தேன். “நகை பத்திப் பேச்சே வேண்டாம் சார், அது எங்க மாமாவோட கொள்கை” என்றேன். வாத்தியார் ஸ்தோத்திரம் என்றார். “ரூபனுக்கு மதுரையில வேலை. அங்கயிருந்து நாசரேத்துக்குப் பஸ்ல வந்து போனா யாருக்குக் கஷ்டம்? உங்க மகளுக்குத்தான. வாசல்ல ஒரு கார் நின்னா ஏறப்போறது யாரு, நானா? உங்க பிள்ளைக்கு நீங்க செய்றதுதான, நாங்க என்னத்தச் சொல்ல?” என்றேன். இதில் தப்பாக ஒரு வார்த்தை இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். என்ன கார் என்றுகூட நான் சொல்லவில்லை. நிறம்கூடச் சொல்லவில்லை.

வாத்தியார் எழுந்து உள்ளே போனார். பத்திரம் எடுத்துவரப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்தார். மஞ்சள் அட்டை. எட்டாம் பதிப்பு.

“அம்மா, ஒரு நிமிஷம் பொறுக்கணும். ஐயா எழுதினதை உங்க முன்னால நான் வாசிக்கிறது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் வாசிக்கேன்.”

வாசித்தார். வாத்தியார் குரல், நிறுத்தி நிறுத்தி, பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்கிற மாதிரி. ‘என் அக்காளைப் பார்க்க வந்தவர்கள் காதைப் பார்த்தார்கள், கழுத்தைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்காமல் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதனால் கழற்றி வை என்கிறேன். தங்கம் பாவம் என்பதற்காக அல்ல. தங்கம் இல்லாதவள் என் அக்காள் என்பதற்காக.’

அப்புறம் அந்த இன்னொரு இடம். ‘நகைக்குப் பதிலாக வேறொன்றைக் கேட்கிறவன் எதையும் கழற்றவில்லை. பெண்ணின் கழுத்தில் கிடந்ததைத் தன் வாசலில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டான்.’

என் வீட்டுக்காரர் கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு முந்திரிப்பருப்பு மட்டும் இருந்தது. ரூபன் என்னைப் பார்த்தான். வாத்தியார் வாசிக்க வாசிக்க என் உதடும் அசைந்துகொண்டிருந்ததாம். அவருக்கு முன்னாலேயே வரி எனக்கு வந்துகொண்டிருந்ததாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னான். “அம்மா, உனக்கு அது மனப்பாடம்.”

இருக்கட்டுமே. எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடுகூட மனப்பாடம்தான்.

அதுவரை உள்ளே நின்ற அந்தப் பெண் வெளியே வந்தாள். காலில் விழவில்லை, முகத்தைத் தொங்கப்போடவில்லை. நேராக என் முன்னால் நின்று சொன்னாள்: “ஆன்ட்டி, எங்க அப்பா இந்தப் புஸ்தகத்தை வாசிச்சுக் காட்டித்தான் எங்க அம்மா கம்மலைக் கழட்டினாங்க. அப்ப இதுல எழுபத்திரண்டு பக்கம் இருந்துச்சு. இப்ப கடையில வாங்கினா அறுபத்து நாலுதான் இருக்கு. ஐயாவோட நூற்றாண்டுக்குப் புதுப் பதிப்பு போடுதீங்கன்னு ரூபன் சொன்னாங்க. அந்த எட்டுப் பக்கத்தையும் சேர்த்து அடிச்சுக் கொண்டு வாங்க. நான் சம்மதம் சொல்லுதேன். கார் வேண்டாம்னு நீங்க சொல்லக்கூட வேண்டாம். புஸ்தகமே சொல்லிரும்.”

கணக்கு டீச்சர் அல்லவா. பக்கத்தை எண்ணி வைத்திருக்கிறாள், உங்களைப் போலவே.

எனக்கு வந்த கோபம் உங்களுக்குப் புரியாது. என் மாமனார் புத்தகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் சொல்ல இவள் யார்? ஒன்பதிலிருந்து இருபது வரை பன்னிரண்டு பதிப்புக்குப் புரூப் பார்த்தவள் நான். வீட்டுக்கு வந்ததும் மாமாவின் நினைவு அறக்கட்டளைக் கூட்டம். நூற்றாண்டுப் பதிப்பு பற்றித்தான். ரூபன் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்தான். “அந்த அதிகாரத்தைச் சேர்க்கணும்” என்றான்.

பெங்களூரிலிருந்து ராஜாத்தி அக்காவும் வந்திருந்தார்கள், மூத்த மருமகள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக்கூடாது. பெங்களூரில் காது நிறையக் கம்மல், கை நிறைய வளையல். ரயில் மணியாச்சி தாண்டினதும் ஒவ்வொன்றாகக் கைப்பைக்குள் இறங்கிவிடும். திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கும்போது பரிசுத்தவாட்டி. அவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு, “மாமா எழுதினது ஒரு எழுத்துக்கூடக் குறையக்கூடாது. அதை எடுத்தது யாருப்பா?” என்று கேட்டார்கள்.

செயலாளர் பிரதர் என்னைப் பார்த்தார். “சிஸ்டர்தான் புரூப் பார்த்தது. ஐயாவே எடுக்கச் சொன்னாங்கன்னா நம்ம சேர்க்கக்கூடாது. ஐயா சித்தத்துக்கு விரோதமாப் போயிரும். ஐயா சொல்லலைன்னா சேர்த்துரலாம். சிஸ்டர் வார்த்தைதான் சாட்சி.”

நான் சொன்னேன், “மாமாதான் எடுக்கச் சொன்னாங்க” என்று.

என்ன பார்க்கிறீர்கள்? பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வது? எழுந்து நின்று ஃபாரம் கணக்கு விளக்குவதா? கூட்டம் ஜெபத்தோடு முடிந்தது. பதிப்பு அறுபத்து நான்கு பக்கம் என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ரூபன் பின்னால் வந்து நின்றான். “அம்மா, நீ சொன்னது உண்மைன்னா நான் பெனிட்டாகிட்ட முடியாதுன்னு சொல்லிருதேன். தாத்தா வேண்டாம்னதை நான் கேட்க மாட்டேன். ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துச் சொல்லு” என்றான். நான் அந்த இட்லிக் கொப்பரையைத் தேய்த்தேன் தேய்த்தேன், அப்படித் தேய்த்தேன். அது இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். திரும்பிப் பார்த்தபோது அவன் மதுரைக்குப் போய்விட்டிருந்தான். இரண்டு மாதமாயிற்று. போன் பண்ணினால், “சாப்பிட்டேன். நல்லாயிருக்கேன்.” அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறான், சீக்கிரம் வைத்துவிடலாம் என்று.

அந்தப் பெண் இன்னும் வேறு இடம் பார்க்கவில்லையாம். நான் விசாரிக்கவில்லை. காதில் விழுந்தது. நாசரேத்தில் தெரிந்தவர்கள் மூன்று பேரிடம் கேட்டதில் காதில் விழுந்தது.

இப்போது நீங்கள் வந்து அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். ஐயா மனம் மாறினாரா என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீங்கள் எழுதுவீர்கள், அது நூலகத்துக்குப் போகும், நாளைக்கு வேறு ஒரு தம்பி உங்களை மேற்கோள் காட்டுவான், அப்புறம் அது வரலாறு. ரூபனும் அதை வாசித்துவிட்டு அடங்கிவிடுவான். காலையில் உங்களுக்காக வாசல் கூட்டும்போதுகூட அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

ஆனால் ஒரு தொல்லை இருக்கிறது.

புரூப் வாசிக்கும்போது மாமா ஒவ்வொரு பதிப்புக்கும் அந்த அதிகாரத்தைக் கேட்பார். “அக்கா வந்துட்டாளா ஜாய்ஸ்?” என்பார். நான் என்ன செய்வது? எடுத்துவிட்டேன் என்று சொன்னால் ஏன் என்பார். பழைய எட்டாம் பதிப்பை எடுத்துவைத்துக்கொண்டு புரூப் மாதிரியே வாசிப்பேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சில இடத்தில் திருத்தம் சொல்வார். “சரி மாமா, குறிச்சுக்கிட்டேன்” என்பேன். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நாலு பதிப்பு. அச்சில் இல்லாத ஒன்றுக்கு நாலு தடவை புரூப் பார்த்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். அந்த அதிகாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் அவர் செத்தார். அவரைப் போய், எடுக்கச் சொன்னார் என்று...

கொஞ்சம் பொறுங்கள். அடுப்பில் ஒன்றுமில்லை, சும்மாதான் எழுந்தேன்.

பன்னிரண்டாம் பதிப்பு. அது அத்தை இறந்த வருஷம். கடைசி நாட்களில் அத்தை மாமாவிடம் தனியாக என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு நாள் நான் அந்த அதிகாரத்தை வாசித்து முடித்ததும், வழக்கம்போலக் கண்ணைத் துடைக்காமல் அப்படியே இருந்தார். “கடைசி வரிக்குக் கீழ இதையும் எழுதும்மா” என்று சொல்ல ஆரம்பித்தார். நான் பென்சிலைக் கையில் வைத்திருந்தேன். எழுதவில்லை. பென்சில் கூர்கூட இல்லை. “எழுதிட்டியா?” என்றார். “எழுதிட்டேன் மாமா” என்றேன். “உங்க அப்பா சுகமா இருக்காங்களா?” என்று கேட்டார். என் அப்பா இறந்து அப்போது இரண்டு வருஷம். அடக்க ஆராதனையில் ஜெபம் பண்ணினதே மாமாதான். மறந்துபோய்க் கேட்டாரா, மறக்காமல் கேட்டாரா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. “இருக்காங்க மாமா” என்றேன்.

மாமா அடக்கம் முடிந்து வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அந்த எட்டாம் பதிப்பைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். ஆனால் என்ன பிரயோஜனம்? வாத்தியாரிடம் ஒன்று இருக்கிறது. அவரிடம் இருப்பதிலும் கடைசியாகச் சொன்னது கிடையாது. அது எந்தப் பதிப்பிலும் கிடையாது. அது என் தலையில் மட்டும்தான் இருக்கிறது. எத்தனை சாம்பார் வைத்துப் பார்த்தேன், எத்தனை சாக்கு சொல்லிப் பார்த்தேன், போகமாட்டேன் என்கிறது.

நோட்டை எடுங்கள் தம்பி. கையால் எழுதுங்கள். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்துங்கள்.

‘என் வீடும் அப்படி வந்ததுதான். மருமகளின் தகப்பனாரிடம் நகைக்குப் பதிலாக வாங்கிய மனையில் கட்டியது. எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. தெரிந்த பின்னும் அதில்தான் குடியிருக்கிறேன். வாசிக்கிறவர்கள் எனக்காக ஜெபியுங்கள்.’

எழுதியாயிற்றா? பென்சிலால் எழுதவில்லையே? நல்லது.

எடுத்தது மாமா இல்லை. மனம் மாறவும் இல்லை. நாளைக்குக் காலையில் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நாசரேத்துக்குப் போகிறேன். எட்டுப் பக்கத்தையும் அந்த வாத்தியாரிடம் வாங்கி அச்சகத்தில் கொடுக்க வேண்டும், இந்தக் கடைசி வரிகளோடு. நூற்றாண்டு விழாவில் செயலாளர் பிரதர் என் முகத்தில் முழிக்க மாட்டார். அது ஒரு நஷ்டமா? ரூபனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நாசரேத்துக்குப் போனால் அந்தப் பெண்ணே சொல்லிவிடுவாள். அவளுக்கு நாக்கு நீளம், என் வீட்டுக்கு அது ஒன்று குறைவாகத்தான் இருந்தது.

என்ன, இன்னும் பேனாவைத் தூக்கிக்கொண்டே இருக்கிறீர்கள்? யார் எடுத்தது என்று எழுதட்டுமா என்றா?

எழுதுங்கள். ‘மருமகள் எடுத்துவிட்டார்’ என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம். ஒரு குடும்பத்துப் பெண்ணை அப்படி அச்சில் ஏற்றக்கூடாது.

இல்லை, நில்லுங்கள். பெயரையும் போடுங்கள். ஜாய்ஸ். இரண்டாவது மருமகள். இல்லையென்றால் இத்தனை வருஷம் புரூப் பார்த்ததும் ராஜாத்தி அக்காதான் என்று நினைத்துவிடுவார்கள்.